பெயரில்லாத களிம்பு

ஜோரெனாவுக்கு அந்தக் களிம்பை விற்றவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைப்பீர்கள்.

எங்கள் தீவு நகரத்தில் லாபாஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் என் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, அதற்குள் உட்கார்ந்து சோப்பு, கருவாடு, ஷாம்பு பாக்கெட், ஐஸ் எல்லாம் விற்கிறேன். எதிர்வீடு ரெனாந்தேயுடையது. டிரைசைக்கிள், அதாவது பக்கத்தில் சவாரி இருக்கை மாட்டிய மோட்டார் பைக், ஓட்டுகிறவன். ஒல்லியான ஆள், ஒரு இடத்தில் நிற்கமாட்டான். சவாரிக்குக் காத்திருக்கும்போதுகூட வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பான். அவன் மனைவி ஜோவெலின் ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், போய் இரண்டு வருஷமாகிறது. இங்கே அப்பனும் நாலு வயசு மகளும்தான். ஜோவெலினில் பாதி, ரெனாந்தேயில் பாதி எடுத்து மகளுக்கு ஜோரெனா என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் அவன் வண்டியை எடுக்கும்போது பெண்ணை என் கடையில் விட்டுவிட்டுப் போவான். மதியச் சாப்பாட்டுக்கு வந்து கூட்டிப்போவான்.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கன்னத்தில் கரப்பான் இருந்தது. வளர வளர அது முழங்கை மடிப்புக்கும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்துக்கும் இறங்கியது. போன மார்ச்சில் வெயில் கொளுத்தியது. தகரக் கூரையின் கீழே மின்விசிறி சூட்டைத்தான் வாரி வீசியது, பாதி நாள் அதற்கும் கரண்ட் இல்லை. வியர்க்க வியர்க்க அந்தப் பெண் சொறிந்தாள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சொறிவாள். இறங்கி, பெஞ்சு விளிம்பில் முழங்காலைத் தேய்ப்பாள். கதவு நிலையில் முதுகை உரசுவாள். கருவாட்டை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் கரக் கரக் என்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சொறியாதே இன்டாய்!"

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம்; வயதில் சின்ன ஆணைத் தோதோ என்போம், என்னைப் போன்ற மூத்த பெண்ணை நாங் என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

"நான் சொறியல நாங். அதுவா சொறியுது."

அவள் பொய் சொல்லவில்லை. தூங்கும்போதும் அந்தக் கை ஓய்வதில்லை என்று ரெனாந்தே சொல்வான். ராத்திரியானால் அவள் இரண்டு கையிலும் தன் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிடுவான். அவள் பல்லால் கழற்றிவிடுவாள். காலையில் பாயில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு தெருவைக் கடந்து வருவார்கள்.

யோசனை சொல்லாத ஆள் தெருவில் இல்லை. கொய்யா இலையைக் கொதிக்கவைத்து, தாங்குகிற சூட்டில் ஊற்றச் சொன்னாள் ஒருத்தி. ஊற்றினான். அன்று முழுக்க அவள் இன்னும் சிவந்து கிடந்தாள். இன்னொருத்தி வினிகரைச் சொன்னாள். அதைத் தடவியதும் ஜோரெனா வீறிட்டுக்கொண்டு ஒட்டுத்துணி இல்லாமல் சந்து முனைவரை ஓடினாள். அவன் துண்டோடு துரத்தினான். சிரித்தவர்களும் இருந்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "கோழி, முட்டை, இறால், எல்லாத்தையும் நிறுத்து. சூடு உடம்புக்கு ஆகாது" என்றேன். அவன் அப்படியே நிறுத்தினான். பிறகு ஒவ்வொருத்தர் சொல்ல மீனும் போனது, பாலும் போனது. கடைசியில் சோறும் வேகவைத்த பூசணியும்தான் தட்டில் மிஞ்சியது. அவள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அரிப்பு மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை எதிர்த்தீவான குய்மராஸிலிருந்து படகில் ஒருத்தி வந்து எங்களைப் போன்ற கடைகளுக்குச் சில்லறைச் சரக்கு போட்டுவிட்டுப் போவாள். அவள் பையில் சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்கள் இருக்கும். பெயர் கிடையாது, எழுத்தே கிடையாது. மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி களிம்பு, ரோஜா வாசனை. முகத்தில் கரும்புள்ளி என்று பெண்கள் வாங்குவார்கள். என் பாதத்தில் ரொம்ப நாளாக இருந்த ஒரு அரிப்பு இரண்டு நாளில் அதில் மறைந்தது. அதனால் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை. கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை.

"இதுல என்ன இருக்கு நாங்?" என்று கேட்டான்.

"மூலிகைதான், தோதோ. தடவிப் பாரேன்."

மூலிகை என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மூன்றே நாளில் மடிப்புகள் வெளுத்து, வழவழவென்று ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஜோவெலினுக்கு விடுமுறை, மதியம் வீடியோவில் வருவாள். அன்று ரெனாந்தே போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்து குதித்தான்.

"பாரு, பாரு! முட்டியைப் பாரு! கழுத்தைப் பாரு!"

"கிட்டக் காட்டு, கிட்டக் காட்டு! ஐயோ என் ராசாத்தி! யார் கொடுத்த மருந்து?"

"நாங் லூமிங்!"

"நாங், உங்களுக்கு நான் என்ன செய்வேன்!" என்று அவள் அழுதாள். நான் கம்பிவலைக்குள்ளிருந்து கையை ஆட்டினேன். அந்த வாரம் முழுவதும் வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சு. இன்னும் ஏழு பேர் வாங்கிப்போனார்கள்.

இரண்டு மாதம் ஓடியது. முதலில் நாளுக்கு ஒருமுறை தடவினான், பிறகு இரண்டு முறை. அப்புறம் எங்கே லேசாகச் சிவந்தாலும் உடனே ஒரு விரல். முகத்திலும் தடவினான். ஜோரெனாவின் கன்னம் கண்ணாடிபோல மினுங்கியது, தோலுக்கடியில் நூல்நூலாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. "கலரா இருக்கா பாருங்க" என்றான். நானும் ஆமாம் என்றேன். பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

ஜூனில் மழை தொடங்கியது. கடல் கொந்தளிப்பில் படகுக்காரி வரவில்லை. டப்பாவின் அடியை விரலால் சுரண்டித் தடவினான், பிறகு அதுவும் தீர்ந்தது. நாலாம் நாள் ஜோரெனாவின் முகம் சிவந்தது. ஆறாம் நாள் வயிறு, தொடை, முதுகு எல்லாம் சிவந்தன. முன்பு மடிப்புகளில் மட்டும் இருந்தது இப்போது உடம்பு முழுக்கத் தீப்பிடித்ததுபோல் ஆகிவிட்டது. சட்டை பட்டால் அழுதாள், காற்று பட்டாலும் அழுதாள். கழுத்தில் நீர் வடிந்து, காய்ந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியது.

ரெனாந்தே வண்டி எடுப்பதை விட்டுவிட்டான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். என் ஜன்னலுக்கு வந்து, "அவ வந்தாளா? அந்தப் படகுக்காரி வந்தாளா?" என்று கேட்பான். பத்து நிமிஷத்தில் திரும்பவும் வருவான். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மற்ற கடைகளில் விசாரித்துப் பார்த்தேன், எங்கும் இல்லை.

ஜோவெலின் கூப்பிட்டால், "தூங்குறா" என்றான். அடுத்த தடவை, "சிக்னல் இல்ல, மழை." அதற்கடுத்த தடவை எடுக்கவே இல்லை. அவள் எனக்குப் போன் போட்டாள்.

"நாங், என் பொண்ணு எப்படி இருக்கா? இந்த மனுஷன் முகத்தைக் காட்டவே மாட்டேங்கிறான்."

நான் என் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அரிசி மூட்டைமேல் ஜோரெனா, கையில் சாக்ஸ் மாட்டி, கண் வீங்கி, சுவரில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. ஓடியாடிக்கிட்டிருக்கா" என்றேன்.

மறுநாள் காலை அவள் உடம்பு கொதித்தது. ரெனாந்தே வண்டியைக் கிளப்பினான், நான் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். மழைத்தண்ணீர் தேங்கிய குழிகளில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் முனகினாள். எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமைதான் டாக்டர் வருவார். நல்லவேளை, அன்று புதன்.

டாக்டர் சொலிஸ் சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கையுறை போட்டு, பொருக்கைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன தடவினீங்க?"

ரெனாந்தே தரையைப் பார்த்தான். "கொய்யா இலை."

"கொய்யா இலையால இப்படி ஆகாது. வேற?"

அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானோ, தன்மேலேயே கோபமோ, எனக்குத் தெரியாது. கடையை மூடிவிடுவார்களா, போலீஸ் வருமா என்றெல்லாம் மனசு அலைந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்தில் பிள்ளையைவிடக் கடையைத்தான் நினைத்தேன்.

"என்னன்னு தெரிஞ்சாதான் நான் வைத்தியம் பார்க்க முடியும்" என்றாள் டாக்டர். ஜோரெனா என் மடியில் முதுகை உரசினாள். மற்ற கடைகளில் காட்டி விசாரிக்க வைத்திருந்த காலி டப்பாவை நான் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"நான்தான் வித்தேன்" என்றேன்.

டாக்டர் முகர்ந்து பார்த்தாள். "இந்த மாதிரி டப்பாவை இந்த வருஷம் நிறையப் பார்த்துட்டேன். உள்ள ஸ்டீராய்டு இருக்கும்னு நினைக்கிறேன். அதுவும் பெரியவங்க உள்ளங்கை, பாதத்துக்குக் கொடுக்கிற மாதிரி பலமானது. அதை நாலு வயசுப் பிள்ளை முகத்துல ரெண்டு மாசம் தடவியிருக்கீங்க. தோல் மெலிஞ்சு போச்சு. சட்டுனு நிறுத்தினதும் அடக்கி வச்சதெல்லாம் பாய்ஞ்சு வெளிய வந்திருக்கு. சொறிஞ்ச புண்ணுல கிருமியும் ஏறியிருக்கு. அதான் காய்ச்சல்."

"எப்ப குணமாகும்?" என்று கேட்டான் ரெனாந்தே. அவன் உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தான்.

"காய்ச்சலும் புண்ணும் ஒரு வாரத்துல. தோல் தேற மாசக்கணக்காகும். இந்தக் கரப்பான், எக்ஸிமா இருக்கே, அது வரும், அடங்கும், திரும்பவும் வரும். நிறையப் பிள்ளைங்களுக்கு வளர வளரக் குறையும். ஒரேயடியா ஒழிச்சிடறேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

அவள் விரல் விட்டு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தாள். கொதிநீர் கூடாது, ஐந்து பத்து நிமிஷம் ஆறின தண்ணீரில் குளியல். தேய்க்கக் கூடாது. வாசனைச் சோப்பு கூடாது. துண்டால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை இல்லாதது. ஒரு நாளில் பல தடவை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பருத்திச் சட்டை. வியர்த்தால் உடனே ஈரத்துணி. இதெல்லாம் அவன் காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. பிறகு, "சாப்பாட்டுல எதை நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டாள். அவன் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"முட்டை சாப்பிட்டதும் எப்பவாவது உதடு வீங்கிச்சா? வாந்தி எடுத்தாளா? உடனே தடிப்பு வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க? பாருங்க, பிள்ளை எலும்பா இருக்கா. எல்லாத்தையும் கொடுங்க."

காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் சிரப், கூடவே ஒரு சின்ன டியூப். "சிவந்த இடத்துல மட்டும், மெல்லிசா, நாளைக்கு ஒரு தடவை. உங்க ஆள்காட்டி விரல் நுனி அளவு எடுத்தா, உங்க ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அடுத்த புதன் வாங்க, நான் பார்த்துச் சொல்றேன்."

"இதுல என்ன இருக்கு?"

"லேசான ஸ்டீராய்டு."

ரெனாந்தே டியூபை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டான். "அதே விஷமா?"

"அதுல எவ்வளவு இருக்குன்னு வித்தவங்களுக்கும் தெரியாது, தடவினவங்களுக்கும் தெரியாது. இதுல எனக்குத் தெரியும். அதான் வித்தியாசம்" என்று சொல்லி, டாக்டர் அதை எடுத்து என் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அந்தப் பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மறுநாள் பெண்ணைக் கடையில் விடவுமில்லை. வெயில் வந்தால் கதவைச் சாத்திவிடுவான். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சாத்திய கதவுதான் தெரியும். உள்ளே அவள் அழுவது கேட்கும், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், அவன் நடப்பதும் கேட்கும். சிரப்பைக் கொடுத்தான், ஜெல்லி தடவினான். டியூபைத் தொடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது, பொருக்கு உதிர்ந்தது. சிவப்பும் அரிப்பும் அப்படியே இருந்தன.

நான் அந்தக் களிம்பை வாங்கிய மற்றவர்களைத் தேடிப்போனேன். ஏழு பேரில் ஐந்து பேர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி, "எனக்கு நல்லாத்தானே இருக்கு, நீ யாரு கேட்க?" என்றாள். இன்னொருத்தி, தீர்ந்துபோச்சு, இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். நான் விற்க மாட்டேன் என்றதும் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. மதியம் என் போன் அடித்தது.

"நாங், என்கிட்டப் பொய் சொல்லாதீங்க." ஜோவெலின் குரலில் அழுகை இல்லை. "ரெண்டு வாரமா என் பொண்ணை நான் பார்க்கல. செத்துப் போயிட்டாளா?"

"ஐயோ, என்ன பேச்சு பேசற!"

"அப்ப எழுந்திருங்க. போனைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போங்க. கதவைத் தட்டாதீங்க, தள்ளுங்க."

கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு, போனை மெழுகுவத்திபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். கதவைத் தள்ளினேன். ஜட்டியோடு நின்ற மகளுக்கு ரெனாந்தே குனிந்து விசிறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"வெளிய போங்க நாங்."

நான் போனைத் திருப்பி ஜோரெனாவை நோக்கிப் பிடித்தேன்.

ஜோவெலின் அலறினாள்.

"என்னடா செஞ்ச என் பொண்ணை? என்ன செஞ்ச?"

அவன் போனைப் பிடுங்கினான். "நான் செஞ்சேன்! ஆமா, நான்தான் செஞ்சேன்! மூணு வாரமா ஒழுங்கா தூங்கல. குளிப்பாட்டறேன், தடவறேன், துணி துவைக்கிறேன், திரும்பவும் குளிப்பாட்டறேன். நீ வாரத்துக்கு ஒரு தடவை வந்து கிட்டக் காட்டு, கிட்டக் காட்டுங்கிற!"

"நான் இங்க ஊர் சுத்தவா வந்தேன்?"

"களிம்பைக் கொடுத்தது நான், ஜோவெலின்" என்று நான் குறுக்கே சொன்னேன். "அவனைத் திட்டாதே. பொய் சொன்னதும் நான்தான்."

"உங்களை நான் அப்புறம் பேசிக்கிறேன் நாங்! நான் வந்துடறேன். எல்லாத்தையும் போட்டுட்டு அடுத்த விமானத்துல வந்துடறேன்!" என்று அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏதோ கத்த வாயைத் திறந்த ரெனாந்தே, அவள் விரல்களைப் பார்த்ததும் நிறுத்தினான். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"கையைக் காட்டு."

"பேச்சை மாத்தாதே."

"ஜோவெலின், கையைக் காட்டு."

அவள் காட்டவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் அவள் போனை எதன்மீதோ சாய்த்து வைத்துவிட்டு முகத்தை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் மகளை மறைத்த மாதிரியே.

"நீ என்னை என்ன கேட்ட? உன் கையைக் காட்டுடி" என்றான். குரல் தணிந்துவிட்டது.

அவள் மெல்லக் கையைத் தூக்கினாள். நாலு விரலில் பிளாஸ்திரி. மற்ற இடமெல்லாம் காய்ந்த குளத்து மண்போல வெடித்திருந்தது. கணுக்களில் ரத்தம் கட்டிய கோடுகள்.

"பாத்திரம் கழுவற சோப்பு. தரைக்குப் பிளீச்சிங். நாள் முழுக்க ரப்பர் கையுறைக்குள்ள வியர்த்து ஊறுது. வீட்டுக்காரி பார்த்தா ஒட்டுவியாதின்னு அனுப்பிடுவாளோன்னு பயம். அதனால எப்பவும் கையுறையைக் கழட்டறதே இல்ல. உன்கிட்டச் சொன்னா நீ கவலைப்படுவ."

ஜோரெனா அப்பனின் கையைப் பிடித்துத் தொங்கி, போனைக் கீழே இழுத்தாள். "அம்மா, உனக்கும் அதுவா சொறியுதா?"

"ஆமாண்டி கண்ணு. அம்மாவுக்கும்."

"ஊதிக்கோ. அப்பா எனக்கு ஊதுவாங்க."

ஜோவெலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெனாந்தே தரையில் உட்கார்ந்தான். அந்த மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. "இங்க பாரு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "ரப்பருக்குள்ள பருத்திக் கையுறை ஒண்ணு போடு. வேலை முடிஞ்சதும் கழட்டிடு. கையைக் கழுவினா ஒற்றி எடு, தேய்க்காதே. ஈரம் காயறதுக்குள்ள ஜெல்லி தடவு. வாசனை இல்லாதது."

"எப்படா டாக்டர் ஆன?"

"உன் பொண்ணால ஆனேன். சிரிக்காதே. அங்க ஒரு டாக்டரைப் பாரு."

"நீ அவளுக்கு டாக்டர் கொடுத்ததையெல்லாம் தடவறியா?"

அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்ல ஒரு நொடி யோசித்தான் என்று நினைக்கிறேன். "ஒரு டியூப் இருக்கு. பயமா இருக்கு. நாலு நாளா மூடியைத் திறந்து மூடிக்கிட்டிருக்கேன்."

"நான் பார்க்கிறேன். இப்பத் தடவு."

டியூப் வந்தது. விரல் நுனியில் ஒரு கோடு எடுத்தான். அளவு கூடுதலோ என்று பாதியைத் துடைத்துவிட்டான், பிறகு குறைவோ என்று திரும்பவும் எடுத்தான். "கஞ்சன்" என்றாள் ஜோவெலின் போனில். முழங்கால் மடிப்பில் அவன் தடவும்போது நான் போனைப் பிடித்திருந்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

அதற்காக எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த புதன் டாக்டர் பார்த்து, முகத்துக்குத் தடவுவதை நிறுத்தினாள், மடிப்புகளுக்குத் தொடரச் சொன்னாள். கன்னத்துச் சிவப்புக் கோடுகள் போவேனா என்று அடம்பிடித்தன. ஜூலையில் பத்து நாள் நன்றாக இருப்பாள், பதினோராம் நாள் காரணமே தெரியாமல் சிவந்துவிடும். அப்போதெல்லாம் ரெனாந்தே துணி சோப்புத்தூளை மாற்றினான், தலையணையை வெயிலில் போட்டான், பூனையைத் துரத்தினான். சந்தில் இருக்கிற எல்லாப் பொருளையும் சந்தேகமாகப் பார்த்தான். "வரும், அடங்கும்னுதானே சொன்னாங்க?" என்று நான் சொன்னால், "உங்க பிள்ளையா அழுவுது?" என்று எரிந்து விழுவான். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவள்தான் நான்.

ஜோவெலின் மறுவாரமே டாக்டரிடம் போனாள். ஒட்டுவியாதி இல்லை என்று கடிதம் எழுதி வாங்கி வீட்டுக்காரியிடம் நீட்டினாள். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இவளுக்குத் தனித் துண்டு, தனித் தட்டு என்று வைத்துவிட்டாளாம். "போகட்டும், பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கா" என்றாள். வெடிப்பு பாதி மூடியிருக்கிறது. பிளீச்சிங் போடும் நாளில் திறந்துகொள்கிறதாம்.

ஆகஸ்டில் அவன் வண்டி எடுத்தே ஆக வேண்டிய நிலை. ஒரு காலை ஜோரெனா என் கடை வாசலில் நின்றாள், கையில் ஜெல்லி டப்பா, ஈரத்துணி, ஒரு வேகவைத்த முட்டை. அவன் வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"பத்து மணிக்கு ஒரு தடவை தடவணும். வியர்த்தா ஒற்றணும். சொறியாதேன்னு கத்தாதீங்க, கத்தினா அதிகமாகுது. கையில ஏதாவது கொடுங்க. வேற எதையும் தடவாதீங்க."

"தடவமாட்டேன், தோதோ."

"எதையும்."

"சத்தியமா."

அவன் போய்விட்டான். பத்து நிமிஷத்தில் சவாரி இல்லாமல் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜோரெனாவைப் பால்வாடியில் சேர்த்த முதல் நாள் நானும் துணைக்குப் போயிருந்தேன். ஒரு தாய் ஜோரெனாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் மகனை இழுத்துக்கொண்டாள். "டீச்சர், அந்தப் பொண்ணைத் தனியா உட்கார வைங்க. எங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

டீச்சர் கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். ரெனாந்தேயின் கழுத்து நரம்பு புடைத்தது. அடித்துவிடுவான் என்றே பயந்தேன். அவன் குனிந்து மகளைத் தூக்கி, அவள் முழங்கை மடிப்பைத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"நாலு வருஷமா ஒரே பாய்ல படுக்கிறோம். ஒரே துண்டுல துடைக்கிறோம். எனக்கு எங்க வந்திருக்கு? காட்டுங்க அக்கா. எங்க வந்திருக்கு?"

அந்தத் தாய் மகனை அடுத்த வரிசைக்கு மாற்றிக்கொண்டாள். டாக்டர் சொலிஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள், டீச்சர் அதைச் சுவரில் ஒட்டினாள். அப்படியும் ஜோரெனாவுக்குப் பக்கத்து இடம் இரண்டு வாரம் காலியாகவே இருந்தது. மூன்றாவது வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், வேறு இடம் இல்லாததால் அங்கே உட்கார்ந்தான். அவளுடைய பச்சைக் கிரேயானை உடைத்தான். அவள் அவனைக் கடித்துவிட்டாள். புகார் வந்தது. ரெனாந்தே டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வண்டியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கடிச்சிருக்கா நாங்! சொறியறதை விட்டுட்டுக் கடிச்சிருக்கா!"

நேற்று மறுபடி முழங்காலுக்குப் பின்னால் சிவந்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான், நகத்தைப் பார்த்தான், எவ்வளவு தடவலாம் என்று விரல் நுனியில் அளந்தான். நெற்றியில் கவலை இருந்தது, ஆனால் முன்போல அங்குமிங்கும் ஓடவில்லை. அவள் ஒரு காலில் நின்றபடி, "சீக்கிரம்ப்பா, டீச்சர் வந்துடுவாங்க" என்று அவசரப்படுத்தினாள்.